நெருப்பால் குளிரும் பெட்டி

வரக்காப்பொலவில் சுற்றுலாக்காரர்களுக்கு வீட்டு வண்டி வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றிலிருந்து போன மாதம் ஒரு தம்பி பேசினார். கட்டில், அடுப்பு, கழுவுதொட்டி, பிரிட்ஜ் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். வெள்ளைக்காரர்கள் அதை ஓட்டிக்கொண்டு நாடு சுற்றுவார்கள். பிரிட்ஜ் கேஸில் ஓடும் வகை. ஒருநாள் நன்றாகக் குளிர்கிறதாம், மறுநாள் பியர் போத்தல் வெதுவெதுப்பாக இருக்கிறதாம். வாடகைக்கு எடுத்தவர்கள் சண்டை பிடிக்கிறார்களாம்.

"அங்கிள், இந்த மாதிரிப் பெட்டியோட ரொம்பக் காலம் வேலை செஞ்சவர் நீங்கதான்னு சொன்னாங்க. எப்படிப் பாவிக்கிறதுன்னு ஒரு பக்கத்துல எழுதித் தாங்க. லெமினேட் பண்ணி வண்டியில ஒட்டிடுறேன்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தவும் என்று முதல் வரி எழுதினேன். சுடரைத் தேவைக்கு மேல் பெரிதாக்க வேண்டாம் என்று அடுத்த வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. அவர் கேட்ட பக்கத்தைப் பிறகு எப்படியோ எழுதி அனுப்பிவிட்டேன். அதில் சேர்க்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இதை யாரும் லெமினேட் பண்ணப் போவதில்லை.

என் பெயர் மைக்கல். கொடகவெலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவன். துரை பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய பிரிட்ஜ் ஒன்று இருந்தது. மின்சாரத்தை நம்ப முடியாத மலை என்பதால் எந்தத் துரை வந்தாலும் அதை வெளியே தூக்கிப் போடவில்லை. திரி கத்தரிப்பது, புகைக்குழாய் துடைப்பது எல்லாம் அதில் கற்றதுதான். குளிர் அடியோடு நின்றுபோனால் நாலு பேர் சேர்ந்து பெட்டியைத் தலைகீழாகப் புரட்டி வைத்து, ஒருநாள் விட்டு நிமிர்த்துவோம். உள்ளே அடைத்துக்கொண்டது இளகி, திரவம் மறுபடியும் ஓடத் தொடங்கும். முதல் தடவை நான் அதைப் புரட்டியபோது பங்களாச் சமையல்காரர், "பிரிட்ஜுக்கு எதுக்குடா யோகாசனம்?" என்று சிரித்தார். மறுநாள் ஐஸ் கட்டி வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சாயத்தண்ணியோடு, அதாவது பால் சேர்க்காத தேநீரோடு, ஒரு துண்டு கேக்கும் கிடைத்தது.

அந்தப் பெட்டியைத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் பிறகு நடமாடும் மருந்தக வண்டிக்கு ஆளாகப் போனேன். ஒரு தரும நிறுவனம் நடத்திய வண்டி அது. வெளிநாட்டில் யாரோ உல்லாசப் பயணம் போன வீட்டு வண்டி. ஓட்டித் தீர்த்துவிட்டு நமக்குக் கொடுத்திருந்தார்கள். கட்டிலைக் கழற்றி மருந்துத் தட்டு அடித்தோம். உணவு மேசை சோதனை மேசையானது. பிரிட்ஜை மட்டும் அப்படியே விட்டோம். பாலும் பழமும் வைத்த இடத்தில் இன்சுலின் வைத்தோம்.

அந்தப் பெட்டிக்குள் மோட்டார் கிடையாது. சுழல்வதும் கிடையாது, இரைவதும் கிடையாது. பின்பக்கம் அடியில் ஒரு சின்ன நீலச் சுடர். அது அமோனியாத் தண்ணீரைக் காய்ச்சும். ஆவி மேலே ஏறும், குளிர்ந்து திரவமாகும், பெட்டியின் முதுகில் மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பிறகு தண்ணீரில் கரைந்து அடிக்கு வரும். இத்தனையும் தன் பாரத்தில் தானே வழிந்து நடப்பதால் பெட்டி சாய்ந்தால் எல்லாம் நின்றுவிடும். நெருப்பு வைத்தால் குளிர்கிறது என்று சொன்னால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் தோட்டங்களில் மட்டமான தரை எங்கே இருக்கிறது? கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலைத் தவிர எல்லாம் சரிவுதான்.

வண்டிக்குப் பெரியவர் குணபால மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அரசாங்க மருந்தகங்களில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்களவர்; தமிழ் உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் நாங்கள் பேசுவது ஒரு சொல் விடாமல் விளங்கும். வண்டி நின்றதும் அவர் முதலில் கேட்பது நோயாளியை அல்ல, வெள்ளை எனாமல் தட்டைத்தான். பெட்டிக்குள் நடுத் தட்டில் அதை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் எந்த விளிம்பில் ஏறுகிறது என்று மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்ப்பார். நான் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுப்பேன். ரசமட்டம் வாங்கித் தருகிறேன் என்றேன் ஒருமுறை. "ரசமட்டம் பொய் சொல்லும். தண்ணி எங்க போய் பொய் சொல்லுற?" என்றார்.

தண்ணீர் நாலு பக்கமும் ஒத்து நின்றால்தான் பற்றவைக்கலாம். கேஸ் குமிழை அழுத்திப் பிடித்து, பொறி தட்டி, அடியிலுள்ள துவாரத்தில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துச் சுடரைப் பார்க்க வேண்டும். நீலமாக, நேராக நிற்க வேண்டும். மஞ்சள் நாக்கு நீட்டினால் எங்கோ அழுக்கு. எங்கள் பக்கத்துக் குளவிகளுக்குச் சுடருக்குப் போகும் குழாய் என்றால் கொள்ளை ஆசை. ஒரு வாரம் வண்டி சும்மா நின்றால் மண்ணைக் கொண்டுவந்து வீடு கட்டிவிடும். கேஸ் வரும் நுண்துவாரமான ஜெட்டை ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊத வேண்டும். ஊசி விட்டுக் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். சுடர் பிடித்த பிறகும் குமிழை விடக்கூடாது. சூடு ஏறும் வரைக்கும் பிடித்திருக்க வேண்டும். நான் பிடித்திருக்கும் நேரமெல்லாம் மாத்தயா என் பின்னால் நின்று, "ஹரித?" என்பார். சரியா என்று அர்த்தம். "ஹரி மாத்தயா" என்றால்தான் நகர்வார்.

உள்ளே அடுக்குவதற்கும் சட்டம் உண்டு. முதுகிலுள்ள தகட்டில் எதுவும் முட்டக்கூடாது. மேல் தட்டில் வைக்கக்கூடாது. "சூடு பட்டா மருந்து கொஞ்சம் கொஞ்சமாதான் சாகும். ஐஸ் பட்டா அப்பவே செத்துடும். ஆனா செத்த மருந்து உயிரோட இருக்கிற மாதிரியே முகத்த வச்சிக்கும்" என்பார். அவர் சொன்னதிலே இதைத்தான் நான் இப்போதும் அடிக்கடி நினைக்கிறேன்.

பிறகு நாடு கடனில் முழுகிய அந்தப் பொல்லாத காலம் வந்தது. டீசல் இல்லை, கேஸ் இல்லை, மின்சாரம் நாளில் பாதி இல்லை, ஆஸ்பத்திரியிலே மருந்து இல்லை. பட்டணத்து ஆட்கள் கேஸ் சிலிண்டரைச் சங்கிலியில் கட்டி வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தூங்கினார்கள். எங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பெட்டி இன்சுலின் வந்தது. தோட்ட மருந்தகத்து பிரிட்ஜ் மின்சாரத்தில் ஓடுவது. அதை நம்பி வைக்க முடியாது. வண்டியை ஓட்ட டீசலும் இல்லை; முன்பே சேர்த்து வைத்திருந்த கேஸ் வண்டி பிரிட்ஜுக்கு மட்டும் போதும். ஆகவே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில், கொழுந்து மடுவத்து வாசலில், வண்டியை நிரந்தரமாக நிறுத்திவிட்டோம். சுற்றுவட்டாரத்து நீரிழிவுக்காரர்கள் எல்லாரும் அங்கே வந்து ஆளுக்கு ஒரு போத்தல் வாங்கிப் போவார்கள். மிச்சம் பெட்டிக்குள் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் தெர்மோஸ்டாட் செத்தது. தெர்மோஸ்டாட் இருந்தால் போதுமான குளிர் வந்ததும் அதுவே சுடரைச் சிறிதாக்கிவிடும். மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. அதைத் தவிர்த்து நேரே கேஸ் கொடுத்து, சுடரைக் கையாலே குறைத்து வைத்தேன். ஒரு மிளகாய் விதை அளவுச் சுடர். அதில் பெட்டி ஒழுங்காகவே குளிர்ந்தது. வெப்பமானியை மாத்தயா காலையும் மாலையும் பார்ப்பார். ஆனால் அந்த வெப்பமானி பார்க்கும் நேரத்துக் குளிரை மட்டுமே சொல்லும். இடையிலே எங்கே போய் வந்தது என்று சொல்லாது.

இரவுக் காவலுக்கு மடுவத்து வாச்சர் செல்லையா இருந்தார். அவருடைய ஒரே மகள் நிரோஷா. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. பிறவியிலிருந்தே அல்ல, ஆறாம் வகுப்பில் ஒருநாள் மயங்கி விழுந்ததிலிருந்து இன்சுலினில் உயிர் வாழ்பவள். வயசானவர்களுக்கு ஒருநாள் ஊசி தவறினாலும் தாங்கும். அவளுக்குத் தாங்காது. செல்லையாவின் மனைவி முன்பே இறந்துவிட்டார். மகளுக்கு ஊசி போடுவதும், சோறு அளந்து வைப்பதும், தலை பின்னுவதும் செல்லையாதான். மகளின் உயிர் இருக்கும் பெட்டிக்குத் தானே காவல் என்பதில் அந்த மனிதருக்கு இருந்த பெருமையை எழுதிக் காட்ட முடியாது.

அவருக்குச் சுடரைப் பார்க்கக் கற்றுக் கொடுத்திருந்தேன். அணைந்தால் எப்படிப் பற்றவைப்பது என்று காட்டியிருந்தேன். குமிழைத் திருப்பவே கூடாது என்றும் சொல்லியிருந்தேன். மாத்தயாவும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தார். செல்லையா திருப்பியதாக நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. கண்ணாடியைப் பிடித்துக் குனிந்து அந்தச் சுடரைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்வார். "என்னப்பா, கேஸ் அடுப்பக் கும்பிடுற?" என்று ஒருமுறை கேலி பண்ணினேன்.

"அடுப்பு இல்லைங்கண்ணே, இது வெளக்கு. எம் புள்ளைக்கு எரியிற வெளக்கு" என்றார்.

நிரோஷா சிரித்துவிட்டாள். "மாமா, எங்க அப்பா ஒங்க வண்டிக்கே திருநீறு பூசிடும், பாத்துக்கங்க" என்றாள்.

ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் தீபாவளிக்கு அடுத்தபடி அதுதான். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, தராசு, லொறி என்று எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கையால் உழைக்கும் சனங்களுக்குக் கருவிமேல் இருக்கும் அந்த மரியாதை எனக்கு எப்போதும் பிடிக்கும். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன் என்றாலும் என் ஸ்பேனர்களை அன்றைக்குத் துடைத்து வைப்பேன். மாத்தயா இரத்தினபுரிக்குப் போயிருந்தார். நான் வீட்டில் இருந்தேன். வண்டிக்கும் பூசை போட்டிருக்கிறார்கள் என்பது திரும்பி வந்தபோது தெரிந்தது. கண்ணாடியில் மூன்று பட்டை, கதவில் மாவிலை, சக்கரத்துக்கடியில் நசுங்கிய எலுமிச்சங்காய். காற்றுத் துவாரத்தை மாலை மறைக்கவில்லையே என்று பார்த்தேன். மறைக்கவில்லை. சுடர் மிளகாய் விதை அளவே இருந்தது. வெப்பமானி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மாத்தயாவும் வந்து பார்த்தார். "ஹரித?" என்றார். "ஹரி" என்றேன்.

அடுத்த கிளினிக்கில் புதுப் போத்தல்கள் கொடுத்தோம். நிரோஷாவுக்கும் ஒன்று. மாத்தயா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டி, வெளிச்சத்தில் பார்த்துத்தான் கொடுத்தார்.

சில நாட்களில் வயசானவர்கள் ஒவ்வொருவராக வந்து இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது என்றார்கள். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அது சோறு கிடைக்காமல் சனங்கள் மரவள்ளியும் பலாக்காயும் கோதுமை ரொட்டியும் தின்று வயிற்றைக் கழுவிய காலம். மாத்தயா அவர்களைத்தான் ஏசினார். முத்தம்மா என்ற ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி ஒருவர் மட்டும் எதிர்த்துப் பேசினார். "ஏசாதீங்க மாத்தயா. நேத்து வெறும் சாயத்தண்ணிதாங்க குடிச்சேன். சாயத்தண்ணியில எங்கருந்துங்க சீனி ஏறும்? போட்டுக் குடிக்கத்தான் சீனியே இல்லியே" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

நிரோஷாவுக்கும் ஏறியது. மாத்தயா அளவைக் கூட்டச் சொன்னார். செல்லையா கூட்டினார். இன்னும் ஏறியது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். பிறகு வாந்தி. அந்த நேரம் லயத்தில் பலருக்கு வயிற்றோட்டமும் வாந்தியும் இருந்ததால் அதுதான் என்று நினைத்துக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். மாத்தயா போய்ப் பார்த்தபோது அவள் மூச்சில் பழம் அழுகிய வாசம்; உடம்பில் இன்சுலின் இல்லாமல் போனால் வரும் வாசம் அது. "அனே தெய்யனே" என்று கடவுளைக் கூப்பிட்டார். ஓடினோம். தோட்டத்து லொறியில் டீசல் இல்லை. முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் கொஞ்சம் பெற்றோல் இருந்தது. பாவம், அவர் மறு பேச்சுப் பேசவில்லை. மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவர்கள் செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். அவள் கண் திறக்கவில்லை.

மறுநாள் மாத்தயா வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். பெட்டியில் மிஞ்சியிருந்த போத்தல்களில் இயல்பாகவே பால்போலக் கலங்கியிருக்கும் வகையை மட்டும் எடுத்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டினார். உருட்டி நிமிர்த்தி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நல்ல மருந்து உருட்டினால் ஒரே சீராகக் கலங்கும். இதிலே துகள் துகளாக மிதந்தது. போத்தலின் உட்சுவரில் அரிசிமா ஒட்டினாற்போலப் பொடி ஒட்டியிருந்தது. கொடுத்த நாளில் அது கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை. உறைந்து இளகிய மருந்து நாள் போகப் போகத்தான் இப்படித் திரியும் என்றார் மாத்தயா.

"ஐஸ் ஆகியிருக்கு மைக்கல்."

"எப்படிங்க மாத்தயா? சுடர் அவ்வளவுதானே இருக்கு? குளிர் சரியாத்தானே காட்டுது?"

"எனக்குத் தெரியாது. ஆனா ஐஸ் ஆகியிருக்கு. எல்லாமே."

என்மேல் பழி போடுகிற பார்வை அல்ல அது. அவருக்கே ஒன்றும் பிடிபடவில்லை. மருந்தை முழுவதும் எடுத்து அழிக்க ஒதுக்கினார். லயம் லயமாகப் போய்க் கொடுத்த போத்தல்களைத் திரும்ப வாங்கினோம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, மருந்தில் சந்தேகம் இருக்கிறது, புதிது வரும் என்று மட்டும் சொன்னோம். எப்படி ஐஸ் ஆனது என்ற கேள்வியை மனதில் சுமந்துகொண்டுதான் இரண்டு பேரும் சாவு வீட்டுக்குப் போனோம்.

லயத்து வாசலில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். செல்லையா மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து வந்து மாத்தயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன கொறை வச்சேன் மாத்தயா நான்? கோயிலுக்குக் கொறை வச்சேனா? ஒங்க வண்டிக்குக் கொறை வச்சேனா? பூசையன்னைக்கு நல்ல நாள்ல வெளக்கு முணுக்கு முணுக்குன்னு எரியக் கூடாதுன்னு, பெருசாக்கி வச்சேனே! கேஸ் இல்லாத காலம்னு தெரியுங்க. ஆனாலும் அந்த ஒரு ராத்திரி எம் புள்ளை வெளக்கு நல்லா எரியட்டும்னு முழுசாத் தொறந்து வச்சேன். விடியக் காலம் பழையபடி கொறைச்சும் வச்சிட்டேன். சாமி கண்ணத் தொறக்கலியே மாத்தயா!"

குமிழைத் திருப்பாதே என்று சொல்லித்தான் இருந்தோம். அன்றைக்கு அவர் செய்தது அவர் கணக்கில் திருப்பியது அல்ல, பூசை. விளக்கை ஏற்றினால் வெளிச்சம் கூடும், உயிர் கூடும். அந்தச் சுடர் கூடினால் குளிர் கூடும், உயிர் போகும் என்று எந்தச் சாமி அவருக்குச் சொல்லும்?

மாத்தயா ஒரு கையை மெல்ல விடுவித்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சுற்றியிருந்தவர்களில் ஒருவர், "மருந்துல சந்தேகம்னு திருப்பி வாங்கினாங்களே, அதுல என்னாங்க கோளாறு?" என்று கேட்டார். தப்புச் சத்தம் சட்டென்று நின்றாற்போல் இருந்தது. உண்மையில் நின்றதா என்று தெரியவில்லை. செல்லையாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"மருந்து பழுது" என்றார் மாத்தயா. "வெளிநாட்டில இருந்து வரும்போதே பழுது. பெட்டி நல்லம், ஆள் நல்லம். மருந்து பழுது."

அவர் வாழ்நாளில் மருந்தைப் பற்றிச் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். திரும்பி இறங்கி வரும்போது, "வேற என்ன சொல்லுற? பிள்ளைய மண்ணுல வைக்க முந்தி அப்பாவையும் சேத்து வைக்கச் சொல்லுறதா?" என்று என்னிடம் கோபப்பட்டார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

அந்தச் சொல் ஒரு மனிதரைக் காப்பாற்றும் என்றுதான் நினைத்தோம். அது எங்கே போய் முட்டும் என்று யோசிக்கவில்லை. புது மருந்து வந்தது. மாத்தயா பெட்டியின் முத்திரையை எல்லார் முன்னாலும் உடைத்தார். வாங்க ஆள் இல்லை. காரியம் முடிந்த கையோடு செல்லையாவே லயம் லயமாக ஏறி இறங்கியிருந்தார். "வெளிநாட்டுக்காரன் கெட்டுப்போனத நமக்குத் தள்ளி விடுறான். என் புள்ளைக்கு நடந்தது ஒங்களுக்கு நடக்கக் கூடாது. தொடாதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறார். மகளைப் பறிகொடுத்தவர் சொல்கிறார். எங்கள் பேச்சு எடுபடுமா?

அந்த ஒரு வார்த்தையை எப்படித் திருப்பி எடுப்பது? மருந்து நல்லது என்றால், பிறகு ஏன் பிள்ளை செத்தாள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு ஆளின் கையில்தான் போய் முடியும். மாத்தயா வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினார். ஒருகாலத்தில் ஏசி ஏசி மருந்து கொடுத்தவர், அம்மா தாயே என்று கையைப் பிடித்தார். சிலர் வாங்கி வைத்துக்கொண்டு போடாமல் விட்டார்கள். கசாயத்துக்குப் போனார்கள், மந்திரிக்கப் போனார்கள். முத்தம்மாவின் காலில் சின்னப் புண் வந்து, பெருத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகு அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்கவில்லை.

முத்தம்மாவின் காலை எடுத்தது தெரிந்த அன்றைக்கு மாத்தயா எழுந்தார். "நான் போய்ச் சொல்லுறேன் மைக்கல். ஒரு ஆளுக்காக இத்தனை பேரச் சாகக் குடுக்க ஏலாது" என்றார். அவர் சொன்னது நியாயம். நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தனியாக மேட்டில் ஏறினார். நான் வண்டியில் காத்திருந்தேன். திரும்பி வந்தபோது கால் தடுமாறி வந்தார்.

"சொன்னீங்களா?"

"தேத்தண்ணி குடுத்தான். பிள்ளையோட புத்தகமெல்லாம் தொடச்சி அடுக்கி வச்சிருக்கான். 'நீங்க அன்னைக்கு உண்மையச் சொன்னதாலதான் மாத்தயா நான் இன்னும் உயிரோட இருக்கேன், இல்லாட்டி என்மேல ஏதும் பிழையோன்னு நெனச்சே செத்திருப்பேன்' எண்டு சொல்லுறான்." மாத்தயா கண்ணாடியைக் கழற்றினார். "நான் தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

ஆள் வராத கிளினிக்கை நிறுவனம் எத்தனை காலம் நடத்தும்? வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாகச் சுடரை நான்தான் அணைத்தேன். பெட்டியைத் துடைத்து, கதவு மூடி நாறாமல் இருக்க ஒரு குச்சி கொடுத்துத் திறந்து வைத்தேன். பெட்டியில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பழுதான சாமான் என்றால் கழற்றலாம், மாற்றலாம், தலைகீழாகப் புரட்டியாவது பார்க்கலாம். இங்கே எல்லாம் சரியாக வேலை செய்தது. சுடர் கூடியபடி குளிர் கூடியது. தகப்பன் தகப்பனாக இருந்தார். மாத்தயா மனிதராக இருந்தார். ஒரு பிள்ளை போய், ஒரு கால் போய், இன்னும் யார் யாருக்கு என்ன போனதோ நான் விசாரிக்கவில்லை.

குணபால மாத்தயா போன வருடம் காலமானார். சாகும்வரை என்னைக் காணும்போதெல்லாம் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொள்வார். இப்போது விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

செல்லையாவை அவ்வப்போது கொடகவெல சந்தையில் காண்பேன். வேலையை விட்டுவிட்டார், மரக்கறி மூட்டை இறக்குகிறார். என்னைக் கண்டால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வருவார். சுகம் விசாரிப்பார். பேச்சு முடியும்போது எப்போதும் ஒரே கேள்வி.

"அண்ணே, அந்த மருந்து வரும்போதே பழுதுதாங்களே?"

"ஆமாப்பா, வரும்போதே பழுது" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

போன மழைக்காலத்தில் கண்டபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார். முத்தம்மாவை இரத்தினபுரி கிளினிக்குக் கூட்டிப் போய் வந்ததாகச் சொன்னார். நல்லது செய்தாய் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தவங்க எல்லாரையும் உக்கார வச்சி வெளக்கம் சொன்னாங்கண்ணே. இன்சுலின கூலா வைக்கணுமாம். ஆனா ஐஸ் ஆக விடக் கூடாதாம். ஒரு தரம் ஐஸ் ஆனாப் போதுமாம், பிறகு எளகினாலும் அது மருந்தே இல்லியாம்."

சந்தையில் அத்தனை இரைச்சல், ஒன்றும் காதில் விழவில்லை. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் எவ்வளவு முயன்றும் அந்த முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டேனா என்று தெரியாது.

"அண்ணே, அந்த மருந்து வரும்போதே பழுதுதாங்களே?"

"ஆமாப்பா. வரும்போதே பழுது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே சொல்லுங்கண்ணே. நான் எப்பக் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.